வேலையை விடும்போது "எங்கே போறே?" என்று கேட்டால்: கும்மிடிப்பூண்டி, தடா, ஸ்ரீசிட்டி பக்கம் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் காலையில் ராஜினாமா கொடுத்தால், சாயங்காலத்துக்குள் ஆரம்பாக்கம் தாண்டி தடா வரைக்கும் செய்தி போய்விடும். தேசிய நெடுஞ்சாலை 16இன் இந்தச் சின்ன நீளத்துக்குள் இரண்டு மாநிலத்துத் தொழிற்சாலைகள் அடுத்தடுத்து நிற்கின்றன. இங்கே தமிழ்நாடு அரசின் சிப்காட் தொழிற்பேட்டை, எல்லை தாண்டினால் ஆந்திராவின் ஸ்ரீசிட்டி தொழில் நகரம். சூலூர்பேட்டை ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்து வருபவர்களின் சட்டையில் வெவ்வேறு கம்பெனிப் பெயர்கள் இருக்கும். ஆள் எடுத்துக் கொடுக்கும் கன்சல்டன்சியும், லேபர் கான்ட்ராக்டரும், பாகங்கள் சப்ளை செய்யும் வெண்டரும் பல சமயம் இரண்டு பக்கத்துக்கும் ஒருவரேதான். எச்.ஆர். ஆட்கள் ஒருவருக்கொருவர் போன் நம்பர் வைத்திருப்பார்கள்.

அதனால் "புதுக் கம்பெனி பெயரைச் சொல்லலாமா" என்ற கேள்வி இங்கே கொஞ்சம் கனமானது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெயரைச் சொல்ல வேண்டிய கடமை பெரும்பாலானவர்களுக்குக் கிடையாது. ஆனால் பொய்ப் பெயரோ பொய்க் காரணமோ சொல்லவே கூடாது. யாருக்கு, எப்போது, எவ்வளவு சொல்வது என்பதை ராஜினாமா கடிதம் எழுதுவதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.

1. வாய் திறப்பதற்கு முன்

ஆஃபர் லெட்டர் கையில் வரட்டும். "செலக்ட் ஆயிட்டீங்க, வந்துருங்க" என்று போனில் சொன்னதை வைத்துக்கொண்டு யாரும் ராஜினாமா செய்ய வேண்டாம். லெட்டரில் சம்பளப் பிரிவு, சேர வேண்டிய தேதி, எந்தத் தொழிற்சாலையில் வேலை என்ற மூன்றும் இருக்க வேண்டும். மெடிக்கல் டெஸ்ட் இன்னும் பாக்கி இருந்தால் அதையும் முடித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் பழைய கம்பெனி கொடுத்த அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை பீரோவிலிருந்து எடுங்கள். நிறையப் பேர் கையெழுத்துப் போட்ட நாளுக்குப் பிறகு அதைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள், ரகசியக் காப்பு பற்றி என்ன எழுதியிருக்கிறது, போட்டிக் கம்பெனியில் சேரக் கூடாது என்ற வரி உண்டா, பாண்ட் (இத்தனை வருடம் முடிக்காமல் விலகினால் பணம் கட்டுவேன் என்ற உறுதி) உண்டா என்று பாருங்கள். "எங்கே சேருகிறீர்கள் என்பதைத் தெரிவிக்க வேண்டும்" என்று சில ஆர்டர்களில் தனியாக ஒரு வரி இருக்கும். அது இருந்தால் உங்கள் கதை மாறுகிறது. மறைத்தால் ஒப்பந்தத்தை மீறியதாக அவர்கள் சொல்லலாம். அந்தத் தாளை ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டு மேலே போங்கள்.

போட்டிக் கம்பெனி வரியைப் பார்த்துத்தான் பலரும் பயப்படுகிறார்கள். 1872ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆவது பிரிவு, ஒருவர் தன் தொழிலைச் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. வேலையை முறையாக விட்ட பிறகும் "போட்டிக் கம்பெனியில் சேராதே" என்று கட்டிப்போடும் நிபந்தனைகள் இந்தப் பிரிவில் அடிபட்டுப் போகின்றன. 2006இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொல்லியிருக்கிறது.

ஆனால் ஒப்பந்தக் காலம் ஓடிக்கொண்டிருக்கும்போது நிலைமை வேறு. 1967இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கில், ஒரு நூல் ஆலையின் ஷிப்ட் சூப்பர்வைசர் ஐந்து வருட ஒப்பந்தம் முடிவதற்குள் போட்டி ஆலைக்குப் போய்விட்டார். அந்தக் காலம் முடியும்வரை அங்கே வேலை செய்யக் கூடாது என்ற தடை செல்லும் என்று தீர்ப்பு வந்தது. பாண்டும் அப்படித்தான். 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், மூன்று வருடம் முடிக்காமல் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. எனவே பாண்ட் பாக்கி இருந்தால் அந்தத் தொகையை இப்போதே கணக்கில் வையுங்கள். "அதெல்லாம் செல்லாது" என்று டீக்கடையில் யாரோ சொன்னதை நம்பி இறங்க வேண்டாம்.

2. நீங்கள் எந்த வகை?

போகும் இடத்துக்கும் இப்போதைய இடத்துக்கும் என்ன உறவு என்று பாருங்கள். பதில் அதைப் பொறுத்துத்தான்.

சம்பந்தமே இல்லாத தொழில் என்றால் பெரிய யோசனை வேண்டாம். ஏசி பாகம் செய்யும் இடத்திலிருந்து பிஸ்கட் கம்பெனிக்குப் போகிறவர் பெயரைச் சொல்வதால் யாருக்கும் நஷ்டம் இல்லை. மேனேஜரிடம் சொல்லிவிடலாம். சொல்லும் நேரத்தை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

நேரடிப் போட்டிக் கம்பெனி என்றால் ரிலீவிங் ஆர்டர் (வேலையிலிருந்து விடுவித்ததற்கான கடிதம்) கைக்கு வரும்வரை பெயர் வெளியே வர வேண்டாம். பெயர் தெரிந்த அன்றே சிஸ்டம் பாஸ்வேர்டை எடுத்துவிட்டு உங்களைத் தனியாக உட்கார வைக்கும் இடங்களும் உண்டு. அதற்கும் மனதளவில் தயாராக இருங்கள். அது உங்கள் மீதான குற்றச்சாட்டு கிடையாது, பல கம்பெனிகளில் அது வழக்கம்.

மூன்றாவது வகைதான் இந்தப் பகுதியில் சிக்கலானது: உங்கள் கம்பெனியின் கஸ்டமருக்கோ வெண்டருக்கோ போவது. ஸ்ரீசிட்டியில் இருக்கும் பெரிய கம்பெனிக்கு கும்மிடிப்பூண்டியில் இருக்கும் சின்ன யூனிட் பாகம் சப்ளை செய்யும். அங்கே குவாலிட்டி பார்க்கிற பையனை அந்தப் பெரிய கம்பெனியே கூப்பிடும். "உங்கள் ஆளை நாங்கள் எடுக்க மாட்டோம், எங்கள் ஆளை நீங்கள் எடுக்கக் கூடாது" என்று இரண்டு கம்பெனிக்கும் நடுவில் ஒப்பந்தம் இருக்கலாம். அது உங்களுக்குத் தெரியவே தெரியாது. நீங்கள் பெயரைச் சொன்னதும் உங்கள் ஜி.எம். அங்கே போன் போட்டால் ஆஃபரே திரும்பிப் போகலாம். இந்த வகையில் இருப்பவர்கள் முதலில் புது இடத்து எச்.ஆரிடம் நேராகக் கேட்டுவிடுங்கள்: "மேடம், நான் இப்போ இருக்கிற கம்பெனி உங்களுக்கு சப்ளை பண்றாங்க. ஆள் எடுக்கிறதுல ஏதாவது கண்டிஷன் இருக்கா? நான் அங்க பேரு சொல்லலாமா?" பதிலை மெயிலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

3. பின்புலச் சரிபார்ப்பு

இதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். நீங்கள் வாயே திறக்காவிட்டாலும், புதுக் கம்பெனிக்காகச் சரிபார்க்கும் ஏஜென்சி உங்கள் பழைய எச்.ஆருக்கு மெயில் அனுப்பும். அதில் யாருக்காகக் கேட்கிறோம் என்பதும் தெரியலாம். மேனேஜரிடம் "இப்போதைக்குச் சொல்ல முடியாது சார்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வந்த மறுநாள் அந்த மெயில் வந்தால் என்ன ஆகும்?

ஆஃபர் சமயத்தில் ஒரு சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். அங்கேயே "தற்போதைய கம்பெனியை நான் ரிலீவ் ஆன பிறகு தொடர்பு கொள்ளவும்" என்று எழுதிக் கொடுங்கள். ஏற்றுக்கொள்கிறார்களா என்று திரும்பவும் கேளுங்கள். முடியாது என்றால், மெயில் போவதற்கு முன் மேனேஜரிடம் நீங்களே பெயரைச் சொல்லிவிடுவது நல்லது. மெயிலைப் பார்த்து அவர் தெரிந்துகொள்வதைவிட இது எவ்வளவோ மேல்.

யு.ஏ.என். (பி.எஃப். கணக்குக்கான உங்கள் நிரந்தர எண்) மூலமாக உங்கள் பி.எஃப். வரலாற்றையும் புதுக் கம்பெனி பார்க்க வாய்ப்பு உண்டு. இங்கே கடைசி நாளும் அங்கே முதல் நாளும் ஒன்றன் மேல் ஒன்று விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். லீவு போட்டுவிட்டு அங்கே சேர்ந்து, பிடிக்காவிட்டால் திரும்பலாம் என்ற கணக்கு இதில்தான் மாட்டும்.

4. மேனேஜரிடம் சொல்வது

செய்தியை முதலில் கேட்பவர் உங்கள் நேரடி மேலதிகாரியாக இருக்க வேண்டும். லைனில் பக்கத்தில் நிற்கும் நண்பனுக்குக்கூட அதற்கு முன்னால் சொல்லாதீர்கள். கம்பெனி பஸ் ஒரு டிரிப் அடித்தால் போதும், எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

ஷிப்ட் மாறும் நேரம் வேண்டாம். லைன் நின்று போய் அவர் கத்திக்கொண்டிருக்கும் நேரமும் வேண்டாம். காலை புரொடக்‌ஷன் மீட்டிங் முடிந்து அவர் டேபிளில் உட்கார்ந்திருக்கும்போது, "சார், ஒரு பத்து நிமிஷம் தனியாப் பேசணும்" என்று கேளுங்கள். ராஜினாமா, கடைசி நாள், கையில் இருக்கும் வேலையை எப்படி ஒப்படைக்கப் போகிறீர்கள் என்ற வரிசையில் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு போனை அணைத்து வைப்பது உங்களுக்கு வேலை கற்றுக்கொடுத்தவரை அவமதிப்பது.

அடுத்த கேள்வி கண்டிப்பாக வரும்: "சரி, எங்கப்பா போற?" அதற்கு மூன்று அளவில் பதில் சொல்லலாம்.

முழுப் பதில்: "தடா பக்கம் இன்ன கம்பெனி சார். மெயின்டனன்ஸ்ல எடுத்திருக்காங்க."

பாதிப் பதில்: "பக்கத்துலதான் சார், ஆந்திரா சைடு. நம்ம லைன்ல இல்ல, வேற புராடக்ட். பேரு ஜாயின் பண்ணினதும் நானே சொல்றேன்."

பெயரில்லாத பதில்: "ஆஃபர் வந்திருக்கு சார். கம்பெனி பேரு மட்டும் இப்போ சொல்ற நிலையில இல்ல, தப்பா எடுத்துக்காதீங்க. சேர்ந்த அன்னைக்கு நானே உங்களுக்குப் போன் பண்றேன்."

மூன்றும் உண்மையாக இருக்க வேண்டும். போட்டிக் கம்பெனிக்குப் போய்க்கொண்டே "வேற புராடக்ட்" என்று சொல்லாதீர்கள். ஒரு பதிலைத் தேர்ந்தெடுத்துவிட்டால் அதையே திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். "என்னை நம்ப மாட்டியா?" என்று கேட்பார். "உங்களை நம்பாம இல்ல சார். எல்லாருக்கும் இதே பதில்தான் சொல்றேன்" என்று நிறுத்துங்கள். புதுப் புதுக் காரணமாக அடுக்கினால் அவர் அதிலிருந்தே பெயரைப் பிடித்துவிடுவார்.

சம்பளத்தைச் சொல்லாதீர்கள். பெயரைவிட சம்பளம்தான் பேச்சை இழுக்கும். "அவ்வளவுதானா, நான் எம்.டி.கிட்ட பேசி வாங்கித் தரேன்" என்று தொடங்கி இரண்டு வாரம் ஓடும். புது இடத்தில் சேரும் தேதி தள்ளிப்போகும். தங்கிவிடும் எண்ணம் நிஜமாகவே இருந்தால் மட்டும் அந்தப் பேச்சில் உட்காருங்கள்.

இந்தப் பக்கம் வழக்கமாகச் சொல்லப்படும் பொய் ஒன்று உண்டு: "அப்பாவுக்கு உடம்பு சரியில்ல சார், ஊருக்கே போறேன்." சூப்பர்வைசரும் மனமிரங்கி நோட்டீஸ் நாட்களைக்கூடக் குறைத்துக் கொடுப்பார். அடுத்த மாதம் தடா பஸ் ஸ்டாப்பில் வேறு கம்பெனி யூனிபார்மில் உங்களைப் பார்ப்பார். அவருக்குப் போனது நம்பிக்கை, அது கோபத்தைவிடப் பெரிய விஷயம். அடுத்த முறை உண்மையிலேயே அப்பாவுக்கு முடியாமல் லீவு கேட்கும் பையனை அவர் நம்ப மாட்டார். பெயரைச் சொல்லாமல் இருக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. அந்த உரிமை இருக்கும்போது பொய்க்கு என்ன தேவை?

5. முதலாளியும் வேலை வாங்கிக் கொடுத்தவரும்

மேலே சொன்னது பெரிய கம்பெனிக்கு. முப்பது நாற்பது பேர் வேலை செய்யும் லேத் பட்டறை, ஃபவுண்டரி, பேக்கிங் யூனிட் என்றால் நிலைமை வேறு. அங்கே முதலாளிக்கு உங்கள் வீடு தெரியும், தங்கை கல்யாணத்துக்கு அட்வான்ஸ் கொடுத்திருப்பார். அவரிடம் "சொல்ற நிலையில இல்ல" என்று சொன்னால் மனது கஷ்டப்படும். போட்டி இல்லாத இடம் என்றால் அவரிடம் பெயரைச் சொல்லிவிடுங்கள் என்பதே என் யோசனை. அட்வான்ஸ் பாக்கியை எப்படிக் கட்டப் போகிறீர்கள் என்பதையும் அதே பேச்சில் சொல்லி முடித்துவிடுங்கள்.

இன்னொருவரும் இருக்கிறார். உங்களை இந்த வேலையில் சேர்த்துவிட்ட மாமாவோ, ஊர்க்காரரோ, கான்ட்ராக்டரோ. "நான்தான் சேர்த்துவிட்டேன்" என்று அவர் பெயர் உள்ளே இருக்கிறது. மேனேஜரிடம் பேசிய அன்றே, அடுத்த போன் அவருக்குப் போகட்டும்: "மாமா, இன்னைக்குப் பேப்பர் போட்டேன். உங்க பேருக்கு ஒரு குறையும் வராம ஒப்படைச்சுட்டுத்தான் போவேன்." இதை எந்தச் சட்டமும் கேட்கவில்லை. ஆனால் எல்லைப் பக்கத்தில் அடுத்த வேலையும் இப்படிப்பட்டவர்கள் வழியாகத்தான் வருகிறது.

6. கடிதமும் எக்ஸிட் படிவமும்

கடிதத்தில் புதுக் கம்பெனி பெயர் வேண்டாம். ராஜினாமா செய்கிறேன், ஆர்டர்படி இத்தனை நாள் நோட்டீஸ், கடைசி வேலை நாள் இன்ன தேதி, நன்றி. அவ்வளவு போதும். மெயிலில் அனுப்புங்கள். மெயில் இல்லாத இடத்தில் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் சீல் வைத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

எக்ஸிட் படிவத்தில் "சேரும் நிறுவனம்" என்று ஒரு கட்டம் இருக்கும். "தெரிவிக்க விரும்பவில்லை" என்று எழுதலாம். பெயரைச் சொன்னால்தான் ரிலீவிங் ஆர்டர் என்று எச்.ஆர். சொன்னால், "எந்த விதிப்படின்னு மெயில்ல அனுப்புங்க மேடம், பார்த்துட்டு பதில் தரேன்" என்று கேளுங்கள். பல சமயம் அந்தப் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

7. கூட வேலை செய்பவர்கள்

உங்கள் வேலை யார் தலையில் விழப்போகிறதோ அவருக்கு முதலில் சொல்லுங்கள். பிறகு டீமுக்கு, பிறகு மற்றவர்களுக்கு. மேனேஜருக்குச் சொன்ன அதே வாசகம்தான் எல்லோருக்கும். ஒருவருக்குப் பாதி, இன்னொருவருக்கு முழுசு என்று கொடுத்தால் கேன்டீனில் இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிடுவார்கள். "யார்கிட்டயும் சொல்லாதே" என்று நண்பனிடம் சொல்லிவைப்பது அவன்மேல் ஒரு பாரத்தை ஏற்றுவது. மேனேஜர் அவனைக் கூப்பிட்டுக் கேட்டால் அவன் என்ன செய்வான்?

பெரும்பாலும் அவர்கள் கேட்பது உங்களைப் பற்றியே இருக்காது. "அங்க ஆள் எடுக்கிறாங்களாண்ணா?" என்பதுதான் அடியில் இருக்கும் கேள்வி. கான்ட்ராக்டில் வருடக்கணக்காக நிற்பவர்களுக்கும் பயிற்சி முடிந்து என்ன ஆகும் என்று தெரியாத டிரெய்னிகளுக்கும் அது உயிர்க் கேள்வி. அவர்களை விரட்டாதீர்கள். நோட்டீஸ் காலத்தில் ஆள் சேர்த்துவிடும் வேலையிலும் இறங்காதீர்கள். சம்பளம் வாங்கிக்கொண்டே லைனைக் காலி செய்கிறார் என்ற பெயர் வந்துவிடும், ஆர்டரில் அதற்கும் தடை இருக்கலாம். "நான் போய் ஒரு மாசம் இருந்து பார்த்துட்டுச் சொல்றேன் தம்பி, உன் பயோடேட்டாவை ரெடி பண்ணி வை" என்று சொன்னால் போதும்.

ஹாஸ்டலில் தங்கி வேலை செய்யும் பெண்களுக்கு ஒரு விஷயம். கம்பெனி கொடுத்த அறை என்றால் வேலையோடு அறையும் போகும். வார்டனுக்குத் தெரிந்தால் எச்.ஆருக்குத் தெரிந்த மாதிரிதான். எந்தத் தேதிவரை அறையில் இருக்கலாம் என்று எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகு அறைத் தோழிகளிடம் பேசுங்கள். சத்தியவேடு, வரதய்யபாளையம் பக்கமிருந்து வரும் பெண்களுக்கு வீட்டிலிருந்தே போய்வர புதுக் கம்பெனி பஸ் இருக்கிறதா என்பதையும் முன்கூட்டியே பாருங்கள்.

8. நோட்டீஸ் நாட்கள்

நீங்கள் இன்னும் இந்தக் கம்பெனியின் ஆள்தான். டிராயிங், ரேட் லிஸ்ட், கஸ்டமர் விவரம், மெஷின் செட்டிங் அளவுகள் எதையும் போனில் போட்டோ எடுக்காதீர்கள், சொந்த மெயிலுக்கு அனுப்பாதீர்கள். லிங்க்ட்இன், ஃபேஸ்புக், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் எல்லாம் பழையபடியே இருக்கட்டும். வாயால் சொல்லாத பெயர் பல பேருக்கு இங்கேதான் வெளியே வருகிறது.

9. கணக்கு முடிப்பது

ரிலீவிங் ஆர்டர், சர்வீஸ் சர்டிபிகேட், கடைசி சம்பளச் சீட்டு மூன்றையும் வாங்குங்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, ராஜினாமா செய்தவரின் சம்பளப் பாக்கியை இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். ஐந்து வருடம் முடித்த நிரந்தரத் தொழிலாளிக்கு வருடத்துக்கு 15 நாள் சம்பளம் என்ற கணக்கில் கிராஜுவிட்டி எனும் பணிக்கொடை உண்டு. அதை 30 நாளுக்குள் தர வேண்டும். எங்கே சேருகிறீர்கள் என்பதற்கும் இந்தப் பணத்துக்கும் சம்பந்தம் இல்லை. இழுத்தடித்தால் பொதுவாகப் பழைய தொழிற்சாலை எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலத் தொழிலாளர் துறையில் மனு கொடுக்க வேண்டும்.

எல்லை தாண்டினாலும் யு.ஏ.என். அதேதான், இ.எஸ்.ஐ. நம்பரும் அதேதான். புது இடத்தில் இரண்டையும் சொல்லுங்கள், புதிதாக ஒன்று போடவிடாதீர்கள். பி.எஃப். தளத்தில் விலகிய தேதியைப் பழைய கம்பெனி போடாவிட்டால், கடைசிப் பணம் விழுந்து இரண்டு மாதம் கழித்து நீங்களே போடலாம். தொழில்வரியைத் தமிழ்நாட்டில் அரையாண்டுக்கு ஒரு முறை பிடிப்பார்கள், ஆந்திராவில் மாதா மாதம். முதல் சம்பளச் சீட்டில் புதுப் பிடித்தம் பார்த்துத் திகைக்க வேண்டாம்.

10. பெயரைச் சொல்லும் நாள்

சேர்ந்த முதல் வாரத்திலேயே பழைய மேனேஜருக்குப் போன் செய்யுங்கள். "சார், சொன்ன மாதிரி கூப்பிடுறேன். இன்ன கம்பெனில சேர்ந்துட்டேன்." பஸ்ஸில் யாரோ சொல்லி அவருக்குத் தெரிவதற்கு முன் உங்கள் குரலில் கேட்கட்டும். உங்கள் ஃபைல் எங்கே, எந்த ஸ்பேரை எங்கே வைத்தீர்கள் என்று அவர் கேட்டால் பதில் சொல்லுங்கள். அதற்குப் பிறகு மற்றவர்களுக்கும் சொல்லலாம், ஸ்டேட்டஸும் போடலாம்.

அதே வாரத்தில் புது மேனேஜரிடமிருந்தும் ஒரு கேள்வி வரலாம்: "அங்க எந்த வெண்டர்கிட்ட வாங்குறாங்க? என்ன ரேட்டு?" ரகசியக் காப்பு வரி இங்கே வந்த பிறகும் உங்களைக் கட்டும். "அது அவங்க கணக்கு சார், நான் சொல்லக் கூடாது. நம்ம லைன்ல ரிஜெக்‌ஷனை எப்படிக் குறைக்கலாம்னு எனக்குத் தெரிஞ்ச வேலையை வச்சுப் பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு லைனுக்குப் போங்கள்.